ஸ்கேலா, தெருவா, கிளாஸா: பெர்ஸ்பெக்டிவும் கம்போசிஷனும் எங்கே கற்பது?

சித்தப்பா மகன் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். லாக்டவுனில் வாட்டர்கலர் தொட்டவன் இன்னும் விடவில்லை. செம்பருத்தி போடுவான், மாம்பழம் போடுவான், சித்தியின் முகம்கூட அடையாளம் தெரியும்படி வந்துவிட்டது. போன பொங்கலுக்கு மதுரை வந்தவன் தெற்குச் சித்திரை வீதியில் நின்று ஒரு படம் வரைந்து கொண்டுவந்து காட்டினான். கோபுரம் நன்றாகவே இருந்தது. கீழே இருந்த பூக்கடைதான் வீதியோடு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. கடைக்கு முன்னால் நின்ற பெண் கையை நீட்டினால் கோபுரத்தின் முதல் நிலைப் பொம்மையைத் தொட்டுவிடுவாள்.

“எங்கயோ தப்பா இருக்குண்ணே. எங்கன்னுதான் பிடிபடல. ஒரு கிளாஸ்ல சேந்துரவா, இல்ல ஆன்லைன்ல கோர்ஸ் வாங்கிரவா? வாரத்துல நாலு மணி நேரம்தான் கெடைக்கும்.”

நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓவியன். ஸ்கேல் வைத்துப் பழகியிருக்கிறேன், தெருவில் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன், பெரிய ஓவியர்களைக் காப்பி அடித்திருக்கிறேன், கிளாஸுக்கும் போயிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பணமும் நேரமும் அழுதவன் என்ற உரிமையில் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது இரண்டு கோளாறு

தம்பியின் படத்தில் கோளாறு ஒன்றல்ல. பூக்கடை வழுக்குவதும் அந்தப் பெண் பூதமாக நிற்பதும் பெர்ஸ்பெக்டிவ் தப்பு, அதாவது கிட்டம் தூரத்தைத் தாளில் காட்டுவதில் வந்த தப்பு. கோபுரத்தைத் தாளின் நட்டநடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு வானம் விட்டு, மிச்சமிருந்த இடத்தில் கடையையும் ஆளையும் செருகியிருந்தான். அது கம்போசிஷன் தப்பு, எதைத் தாளில் எங்கே வைப்பது என்பதில் வந்த தப்பு. முதலாவதை அழிரப்பர் வைத்துத் திருத்திவிடலாம். இரண்டாவதைத் திருத்தப் புதுத் தாள்தான் எடுக்க வேண்டும்.

கோர்ஸ் விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால் நமக்கு இரண்டும் ஒன்று என்றே தோன்றிவிடுகிறது. சித்தன்னவாசலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டுச் சமணக் குகைக்கோயில், விதானத்தில் தாமரைக் குளம். குளத்தை மேலிருந்து பார்க்கிறோம். தாமரையையோ பக்கவாட்டில் பார்க்கிறோம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆள் என்று ஒவ்வொன்றையும் அதனதன் வசதியான பக்கத்திலிருந்து காட்டியிருக்கிறார்கள். தூரத்துக்குப் போகும் கோடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்வதுபோல் தெரியும் மறைபுள்ளி என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. ஆனாலும் கண் எங்கும் முட்டிக்கொள்ளாமல் இலைக்கு இலை தாவிப் போகிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணன் பெரிதாகவும் சுற்றி நிற்பவர்கள் சிறிதாகவும் இருப்பது அவர்கள் தூரத்தில் நிற்பதாலா என்ன? பெர்ஸ்பெக்டிவ் இல்லாமல் கம்போசிஷன் நிற்கும். எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சி வேண்டுமானால் ஃப்ளாட் விற்கும் விளம்பரத்தில் கம்ப்யூட்டர் வரைந்த கட்டடத்தைப் பாருங்கள். ஒரு கோடு பிசகியிருக்காது, இரண்டாம் தடவை பார்க்கவும் தோன்றாது.

அதனால் எந்த வழி சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த வழி எந்தக் கோளாறுக்கு மருந்து என்று கேட்பதுதான் சரி.

ஸ்கேல் வழி

பெர்ஸ்பெக்டிவை ஒரு கணக்காகப் பிடித்தவர்கள் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ்காரர்கள். கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி ஊர்க் கோயிலைப் பலகையில் வரைந்து, பலகையில் ஓட்டை போட்டு, பின்பக்கமிருந்து அந்த ஓட்டை வழியாகக் கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைப் பார்க்கச் செய்து அசத்தினார். 1435-இல் ஆல்பெர்ட்டி அந்த முறையை எழுத்தில் வைத்தார். அதற்குச் சில வருஷம் முன்பே அதே ஊரில் ஓவியர் மசாச்சியோ சிலுவைக் காட்சி ஒன்றைச் சுவரில் வரைந்திருந்தார். அதில் கோடுகள் எல்லாம் சேரும் புள்ளி சிலுவையின் அடியில், கீழே நின்று பார்க்கிறவரின் கண் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சுவருக்குள் ஓர் அறை இருப்பதாகவே தோன்றும்.

இந்தக் கணக்கின் உயிர் ஐ லெவல். நம்முடைய கண்மட்டம். இதை நான் ஸ்கேல் வைத்துப் படித்தபோது புரிந்துகொண்டதாக நினைத்தேன். உண்மையில் புரிந்தது மெரினாவில். மணலில் உட்கார்ந்திருந்தேன். சுண்டல் விற்கும் பையன் கொஞ்சம் தள்ளி நின்றான். கடலும் வானமும் சேரும் கோடு அவன் இடுப்புக்கு நேராக ஓடியது. ஐந்து ரூபாய் பாக்கி வாங்க எழுந்து நின்றேன். கோடும் என்னோடு எழுந்து அவன் மூக்குக்கு நேராக வந்துவிட்டது. தூரத்தில் நின்றவர்கள், இன்னும் தூரத்தில் குதிரைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் என்று எல்லோருடைய தலையும் அதே கோட்டை ஒட்டியே இருந்தது. கால்கள்தான் கிட்டத்தில் கீழேயும் தூரத்தில் மேலேயும். பாக்கி வாங்க மறந்து மறுபடி உட்கார்ந்தேன், எழுந்தேன். பையன் ஒரு மாதிரி பார்த்தான்.

தம்பியின் பூக்கடைப் பெண்ணுக்கு வைத்தியம் இதுதான். அவன் நின்றுகொண்டு வரைந்தவன். வீதியில் சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய தலையும் ஏறக்குறைய அவன் கண்மட்டத்தில்தான் வர வேண்டும், கிட்டத்தில் நின்றாலும் சரி, கோபுர வாசலில் நின்றாலும் சரி. இவன் வாசலில் நின்றவர்களின் தலையை ஒரு மட்டத்திலும் இந்த அம்மாவின் தலையை அதற்கு நான்கு விரல் மேலேயும் வைத்துவிட்டான். படம் முழுக்கக் கண்மட்டக் கோடு ஒன்றைப் போட்டு, அந்த அம்மாவின் தலையை அதில் வைத்து, காலைக் கீழே இறக்கினோம். மூன்று நிமிஷ வேலை. கடையின் பலகைக் கோடுகளையும் அதே மட்டத்துக்குப் போகும்படி திருப்பியதும் வழுக்கல் நின்றது.

ஸ்கேல் வழியின் அழகு இதுதான். சரி, தப்பு என்று இரண்டே பதில். தானாகவே சோதித்துக்கொள்ளலாம், ஆசிரியர் வேண்டாம். திருமலை நாயக்கர் மகாலில் வரிசையாக நிற்கும் தூண்களைப் போட வேண்டும், ஒன்றுக்கொன்று இடைவெளி எவ்வளவு குறையும் என்பது குழப்பம். முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் பார்த்து நிறுத்துங்கள். உச்சிகளைச் சேர்த்து ஒரு கோடு, அடிகளைச் சேர்த்து ஒரு கோடு, இரண்டும் மறைபுள்ளிக்குப் போகும். இரண்டாம் தூணின் நடு உயரத்தைக் குறியுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண் நிற்கும். இப்படியே கண்ணுக்கு எட்டும்வரை போகலாம். முதல் தடவை இது சரியாக விழுந்தபோது எனக்குப் பேலன்ஸ் ஷீட் டேலி ஆன சந்தோஷம்.

ஏமாறும் இடமும் உண்டு. ஏ4 தாளுக்குள்ளேயே இரண்டு மறைபுள்ளிகளையும் அடக்கப் பார்ப்பது. கட்டடம் கப்பல் மூக்குபோல் நம்மேல் பாயும். தலையைத் திருப்பாமல் பார்க்க முடிகிற அகலம் கொஞ்சம்தான். அதைத் தாண்டியதைத் தாளுக்குள் இழுத்தால் இப்படித்தான் ஆகும். தாளை மேஜையில் ஒட்டி, மறைபுள்ளியை மேஜையின் ஓரத்தில் ஒரு குண்டூசியாகக் குத்தி, நூல் கட்டி இழுத்துப் பாருங்கள். கட்டடம் சாதுவாக நிற்கும்.

ஆனால் எவ்வளவு காலம் இதிலேயே இருப்பது? நான் ஒரு வருஷம் இருந்தேன். அது அதிகம். ஆறு வாரம் போதும். ஒரு மறைபுள்ளி, இரண்டு மறைபுள்ளி, தூண் கணக்கு, படுத்த வட்டம் (டம்ளர் வாய் பக்கவாட்டில் நசுங்கித் தெரிவது), படிக்கட்டு. மூன்று மறைபுள்ளி கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது மட்டும். கோபுரம் மேலே போகப் போக நிஜமாகவே குறுகுவதால், அதோடு கணக்குக் குறுகலையும் சேர்த்தால் ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்ததுபோல் வந்துவிடும். தள்ளி நின்று வரைவதே மேல்.

ஒரு வருஷத்தில் எனக்கு என்ன ஆனதென்றால், ஸ்கேல் இல்லாமல் கோடு போடவே பயம் வந்துவிட்டது. வரைந்ததெல்லாம் கார்ப்பரேஷனில் அப்ரூவலுக்குக் கொடுக்கும் பிளான் மாதிரி இருந்தது. நிஜத் தெரு பெட்டி அல்ல என்பதும் ஒரு காரணம். மாசி வீதியில் எந்த இரண்டு வீடுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன? வீதியே லேசாக வளைகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மறைபுள்ளி வேண்டும், தார்ப்பாய்க்குக் கணக்கே கிடையாது. பெரியவர்களே கணக்கை முழுசாக நம்பவில்லை. வாடிகனில் ரஃபேல் வரைந்த தத்துவஞானிகள் கூட்டத்தில், வலது ஓரத்தில் இருவர் கையில் உருண்டை வைத்திருப்பார்கள். கணக்குப்படி ஓரத்தில் இருக்கும் உருண்டை லேசாக நீண்டுதான் வர வேண்டும். ரஃபேல் வட்டமாகவே போட்டுவிட்டார். கணக்குப்படி போட்டிருந்தால் பார்க்கிறவர்கள் அதைத்தான் தப்பு என்றிருப்பார்கள்.

வீடியோவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் வழிக்கு வீடியோ போதும், அதுவும் காசில்லாமல் கிடைப்பதே போதும். கம்போசிஷனுக்கு வீடியோ உதவாது. அவர் படம் எப்படி நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லுவார். நம் படம் ஏன் நன்றாக இல்லை என்று யார் சொல்வது? நாற்பது மணி நேரக் கோர்ஸ் ஒன்று வாங்கி ஆறு மணி நேரம் பார்த்தேன். மிச்சம் இன்னும் என் அக்கவுண்ட்டில் பத்திரமாக இருக்கிறது.

தெரு வழி

ஸ்கேலைப் பையிலேயே வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து கண்ணால் அளந்து வரைவது இரண்டாவது வழி. கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியையும் கட்டைவிரலையும் வைத்து ஒரு வாசலின் அகலத்தை அளந்து, அதன் உயரத்தில் அந்த அளவு எத்தனை தடவை போகிறது என்று பார்ப்பது. முழங்கை மடங்கினால் அளவு போச்சு. கூரைச் சரிவைக் கடிகார முள்ளாகப் படிப்பது: இந்தக் கோடு இரண்டு மணி, அந்தக் கோடு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மறைபுள்ளி எங்கே என்று தெரியாமலே கோடுகள் கிட்டத்தட்ட அங்கே போய்ச் சேரும்.

வான்கோ இந்த வழிக்காரர். 1882-இல் தி ஹேக் நகரில் இருந்தபோது நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்துகொண்டார். மணல்மேட்டில் ஊன்றுவதற்காக அதன் கால்களுக்குக் கொல்லரிடம் இரும்பு முனை போடச் சொன்னதைத் தம்பி தியோவுக்குக் கடிதமாக எழுதி, படமும் வரைந்து அனுப்பியிருக்கிறார். சட்டத்தின் வழியே ஜன்னலில் பார்ப்பதுபோல் பார்க்கலாம் என்பது அவருக்குப் பெரிய குதூகலம். நமக்கு இரும்பு முனை வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் தாளின் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் ஒரு செவ்வகத் துவாரம் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் இரண்டு நூல் ஒட்டினால் அதே வேலை நடக்கும்.

அந்த அட்டைதான் இந்த வழியின் ரகசியம். அளவு பார்க்கத்தான் எடுத்துப் போவோம். கையில் பிடித்ததும் இன்னொன்று நடக்கிறது. கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் டிரான்ஸ்ஃபார்மர் வெளியே போகிறது. கீழே இறக்கினால் வெறும் தரை பாதிப் படத்தை அடைத்துக்கொள்கிறது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் வீதி முழுக்க, தள்ளிப் பிடித்தால் ஒரு பூக்கூடை மட்டும். எதை விடுவது என்று கை தானாக யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. கம்போசிஷன் என்பதில் பாதி இந்த விடுவதுதான். இதை வீட்டில் உட்கார்ந்து எந்தக் கோர்ஸிலும் நான் கற்கவில்லை.

“போட்டோ எடுத்துக்கிட்டு வந்து வீட்ல போட்டா என்ன?” என்றான் தம்பி. போன் கேமராவின் சாதாரண லென்ஸே அகல லென்ஸ்தான். கிட்டத்தில் இருக்கும் பைக்கை ஊதிக் காட்டும், தூரத்துக் கோபுரத்தைச் சுருக்கிவிடும். நேரில் பிரம்மாண்டமாக நின்ற யானைமலை போட்டோவில் குட்டிச்சுவராகப் போவதை மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அதை அப்படியே காப்பி அடித்தால் லென்ஸின் பெர்ஸ்பெக்டிவைத்தான் கற்கிறோம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பின்னால் தள்ளிப் போய் 2எக்ஸ் வைத்து எடுங்கள், ஓரளவு கண்ணுக்குக் கிட்டே வரும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இந்தப் பேச்சே இல்லை. 2018 தீ விபத்துக்குப் பிறகு போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாமி கும்பிட்டு வந்து நினைவில் இருந்ததை வெளியே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். என்ன நினைவில் நிற்கிறதோ அதுதான் படத்துக்கு வேண்டியது என்பது அப்போது தெரியும்.

தெரு வழியில் நம் ஊரில் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். விகடனில் கோயில் சிற்பங்களைத் தத்ரூபமாக வரைந்த சில்பி அந்தந்தக் கோயிலில் போய் உட்கார்ந்து வரைந்தவர். மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் வேதியியல் வேலை பார்த்துக்கொண்டே இந்த ஊரைப் பேனாவும் மையுமாக வரைந்து தள்ளினார். பார்வை வட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் விழித்திரை நோய் அவருக்கு. 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2022-இல் காலமானார். அவர் படங்களில் ஒரு தெருவின் ஓட்டுக் கூரைகளை மட்டும் பார்த்தாலே போதும், பெர்ஸ்பெக்டிவ் வகுப்பு முடிந்துவிடும்.

குறைகள் இல்லாமலா? முதல் பத்துப் படம் கேவலமாக வரும். மதுரை வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் நிழல் நகர்ந்து படத்தையே மாற்றிவிடும், ஆறரைக்கே போய்விட வேண்டும். நின்று எட்டிப் பார்க்கிறவர்கள் “இது எந்தக் கட்டடம்?” என்று அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே நின்று கேட்பார்கள். சித்திரை வீதிகளில் வண்டி வராது என்பதால் ஆரம்பிக்க அது தோதான இடம். மாசி வீதியில் ஸ்டூல் போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. தனியாக உட்காரக் கூச்சம் என்றால் கூட்டமாகப் போகலாம். சியாட்டிலில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிவைத்த அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கம் இப்போது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் பெருநகரங்களிலும் ஞாயிறு காலையில் கூடி வரைகிற குழுக்கள் உண்டு, பணம் கேட்க மாட்டார்கள். இந்த வழியின் பெரிய ஆபத்து வேறு: ஒரே தப்பை நூறு தடவை செய்து அதையே நம் ஸ்டைல் என்று நம்பிவிடுவது.

தீப்பெட்டி வழி

கம்போசிஷனுக்கு நான் கண்ட நேரடி மருந்து, பெரிய ஓவியர்களின் படங்களைத் தீப்பெட்டி அளவில் காப்பி அடிப்பது. முகம் வேண்டாம், கைவிரல் வேண்டாம், கலர் வேண்டாம். கண்ணை இடுக்கிப் பார்த்து, எது இருட்டு, எது வெளிச்சம் என்று இரண்டாகப் பிரித்து, பிரஷ் பென்னால் அப்புவது. பிறகு நடுவில் ஒரு சாம்பல். படம் ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஃபீஸிலேயே செய்யலாம் என்பதால் வாரத்துக்கு நாலு மணி நேரக் கணக்கிலும் இது வராது.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழைப் பாலம் ஒன்று இருக்கிறது, 1857-இல் வந்த மரக்கட்டை அச்சுப் படம். ஆட்கள் குனிந்து ஓடுகிறார்கள். தீப்பெட்டியில் போட்டபோதுதான் தெரிந்தது: ஆட்கள் முக்கியமே இல்லை, சாய்ந்து போகும் பாலத்தின் அடிப்பக்கமும் எதிர்க்கரையின் மங்கலும் மேலே அந்தக் கருத்த மேகப் பட்டையும்தான் படம். வான்கோ இதே படத்தை 1887-இல் பாரிஸில் எண்ணெய் வண்ணத்தில் காப்பி அடித்திருக்கிறார். அவர் அடித்தால் நமக்கென்ன வெட்கம்?

டா வின்சியின் கடைசி விருந்துப் படத்தைத் தீப்பெட்டியில் போட்டால் இரண்டு பாடமும் ஒரே இடத்தில் கைகுலுக்குவதைப் பார்க்கலாம். மிலான் நகரில் அந்தச் சுவரைச் சுத்தம் செய்தபோது இயேசுவின் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த துளையைக் கண்டார்கள். நூல் கட்டிக் கோடு இழுத்த இடம் அது. கூரையும் சுவரில் தொங்கும் துணிகளும் எங்கே போகின்றனவோ, நம் கண்ணும் அங்கேதான் போகிறது. மறைபுள்ளியை எங்கே வைப்பது என்பது கணக்கு அல்ல, கம்போசிஷன் முடிவு. ஸ்கேல் பிடித்த ஒரு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது.

மேல்நாட்டுப் படம்தான் வேண்டும் என்றில்லை. வீட்டில் பழைய சிவகாசி காலண்டர் இருந்தால் எடுங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். சாமி நேராக, சமச்சீராக, தட்டையாக நிற்கும். பின்னால் தூணும் மண்டபமும் நதியும் நாடகப் படுதாபோல் ஆழத்துக்குப் போகும். இரண்டு உலகத்தையும் ஒரே தாளில் சண்டையில்லாமல் வைத்திருப்பதைத் தீப்பெட்டியில் போட்டால் பிடிபடும்.

தாளைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்றாகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதி, நத்தை ஓடுபோல் விரியும் தங்க விகிதச் சுருள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். முதலாவதை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் ஒரு யோசனையாக எழுதிவைத்தார், இன்று போன் கேமராவில் கட்டமாகவே வந்துவிட்டது. நடுவில் கொண்டுபோய் வைக்கும் பழக்கத்தை உடைக்க அது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சுருளை எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் எங்கேயாவது பொருந்தும். என் மகளின் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வைத்துப் பார்த்தேன், பி.டி. மாஸ்டரின் விசிலில் போய் முடிந்தது.

கிளாஸ் வழி

சென்னையில் 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. பதினெட்டு வயதும் நான்கு வருஷமும் கையில் இருந்தால் அதைப் போல் வேறு வழியில்லை. நாம் பேசுவது வாரம் ஒருநாள் கிளாஸ்.

நான் போன கிளாஸில் எட்டு மாதம் இருந்தேன். பிரிண்ட் எடுத்த போட்டோவைக் கட்டம் போட்டுத் தாளுக்கு மாற்றி, கலர் அடிக்க வேண்டும். கட்டம் போட்டால் பெர்ஸ்பெக்டிவ் தானாக வந்துவிடும், கம்போசிஷன் போட்டோகிராஃபருடையது. நமக்கு மிச்சம் கலர் அடிப்பது. முடியப்போகும் நேரத்தில் சார் பிரஷ்ஷை வாங்கி அங்கங்கே நாலு போடு போடுவார். வீட்டில் கொண்டுபோய்க் காட்டினால் எல்லோரும் பாராட்டுவார்கள், சரியாக அந்த நாலு இடத்தை.

கிளாஸே வீண் என்று சொல்லவில்லை. தெருவில் நூறு தடவை செய்யும் அந்த ஒரே தப்பை வெளியாள் கண் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடும். அதற்குத்தான் பணம். சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் மாட்டிய படங்களை விட்டுவிட்டு, மாணவர் ஒருவரின் கிறுக்கல் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். ஆசிரியர் திருத்தும்போது மாணவரின் படத்தின் மேலேயே கை வைக்கிறாரா, டிரேசிங் ஷீட்டை மேலே வைத்தோ, பக்கத்தில் தனியாகவோ வரைந்து காட்டுகிறாரா? மேஜையில் நிஜப் பொருள் ஏதாவது இருக்கிறதா, ஒரு குடம், ஒரு சொம்பு? வெளியே கூட்டிப்போவதுண்டா? இதற்கெல்லாம் சாதகமான பதில் வந்தால் தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் கையில் முப்பது தெருப்படம் சேர்ந்த பிறகு போங்கள். காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போனால் அவர் போட்டோ பிரிண்ட்தான் கொடுப்பார்.

யாருக்கு எது

தம்பிக்குச் சொன்னது இது. காசு செலவழிக்காதே. முதல் ஆறு வாரம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஸ்கேல், ஞாயிறு மூன்று மணி நேரம் வெளியே, கண்மட்டக் கோட்டை முதலில் போட்டுவிட்டு. தீப்பெட்டி தினமும் ஒன்று. ஆறு வாரம் கழித்து ஸ்கேலை நிறுத்திவிடு, தெருவில் எங்கேயாவது சிக்கினால் மட்டும் எடு. மூன்று மாதம் கழித்து கிளாஸ் பற்றி யோசிக்கலாம்.

எல்லோருக்கும் இதே விகிதம் பொருந்தாது. ஆர்க்கிடெக்சருக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஸ்கேல்தான் சோறு. காமிக்ஸ் வரைகிறவர்களுக்கும் அப்படித்தான், பார்த்து வரைய எதிரில் எதுவும் இல்லாதபோது கணக்கை விட்டால் பிடிமானம் கிடையாது. தஞ்சாவூர் பாணியிலோ சுவரோவிய பாணியிலோ போக நினைப்பவர் மறைபுள்ளியைத் தொடாமலே இருக்கலாம், தொட்டால் கெடுதல்கூட. அவருக்குத் தீப்பெட்டி மட்டும், அதுவும் மைசூர், தஞ்சாவூர், அஜந்தா என்று அவரவர் வீட்டுச் சரக்கில். பூவும் பழமும் போதும் என்பவருக்குப் படுத்த வட்டம் ஒன்றே போதுமான பெர்ஸ்பெக்டிவ்.

போன வாரம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ரோட்டோர டீக்கடை, பெஞ்சில் உட்கார்ந்தபடி போட்டது. கண்மட்டக் கோடு, நிற்கிறவர்களின் மார்பளவில் சரியாக ஓடுகிறது. கடையை இடது ஓரத்துக்குத் தள்ளி, பாதி பாய்லரைச் சட்டத்துக்கு வெளியே விட்டிருக்கிறான், தைரியம்தான். முன்னால் இருந்த டீ கிளாஸின் வாய் மட்டும் இரண்டு பக்கமும் கண் வடிவத்தில் கூராக முடிந்திருந்தது. “ஓரத்துல முனை வரக்கூடாதுடா, வளைஞ்சு திரும்பணும். அடிப்பக்க வட்டம் வாயைவிட இன்னும் கொஞ்சம் உருண்டையா திறந்திருக்கணும், அது உன் கண்ணுக்கு இன்னும் கீழ இருக்குல்ல” என்று வாய்ஸ் நோட் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “சரிண்ணே, இன்னொரு கிளாஸுக்குச் சொல்லிட்டேன்.”

எனக்கு ஒரு நிமிஷம் பகீரென்றது. “எந்த கிளாஸுக்குடா? எவ்வளவு கட்டின?”

“பதினஞ்சு ரூபாண்ணே. டீ.”